மருத்துவக் காரணம்

இல்லை அக்கா, நான் அந்த டாக்டர் இல்லை. மாத்திரையை உள்ளே வையுங்கள். மூட்டு வலிக்கு இது சரியா என்று எனக்குத் தெரியாது. போனில் அம்மா டாக்டரு, டாக்டரு என்று கத்தியது உங்களுக்குக் கேட்டிருக்கும். அவள் அப்படித்தான். பக்கத்தில் ஆள் இருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்வாள். நான் படித்தது உளவியல். அதில் முனைவர் பட்டம். ஊசி போட மாட்டேன், மாத்திரை எழுத மாட்டேன். எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசுவதைக் கேட்பேன். அதுதான் வேலை.

நீங்கள் பல்லடமா? மகள் வீடா? நல்லது. நான் கோயம்புத்தூர் வரைக்கும்.

மதுரையில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பெயர் வேண்டாம். பட்டம் வாங்கிய பிறகும் இரண்டு வருஷம் பயிற்சி. எல்லாம் படித்து முடித்த பிறகு என்ன பயிற்சி என்று என் மதினி கேட்டாள். மதினி என்றால் அண்ணன் பெண்டாட்டி. எங்கள் தென்காசிப் பக்கம் அப்படிச் சொல்வோம். "கல்யாணம் முடிஞ்ச பெறகு பொண்ணு பாக்கப் போன மாதிரில்லா இருக்கு" என்றாள். வாய் அப்படி. ஆள் நல்லவள்தான்.

உடம்பில் பெரிய நோய் வந்தவர்களின் மனசைப் பார்க்கிற பயிற்சி அது. புற்றுநோய், இருதயம், கிட்னி. கிட்னி போனவர்களுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுப்பார்கள். ஒருவர் வாய் கொப்பளித்துவிட்டு வருகிறேன் என்று போய், கொப்பளிப்பதை எல்லாம் விழுங்கிவிட்டு வருவார். திட்டக் கூடாது. ஏன் விழுங்கினீர்கள் என்றும் கேட்கக் கூடாது. விழுங்கும்போது எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். கேட்டேன். "நல்லா இருந்துச்சு" என்றார். இதற்கு இரண்டு வருஷம் படிக்க வேண்டுமா என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் நினைத்தேன்.

ஆனால் என்னைப் பெரும்பாலும் உட்கார வைத்தது டோனர் அறையில். கிட்னி கொடுக்க வருகிறவர்களை டோனர் என்போம். அம்மா பிள்ளைக்குக் கொடுப்பாள், பெண்டாட்டி புருஷனுக்குக் கொடுப்பாள், கூடப் பிறந்தவர்கள் கொடுப்பார்கள். ரத்தம், ஸ்கேன் எல்லாம் முடிந்த பிறகு எங்களிடம் அனுப்புவார்கள். வீட்டு ஆட்களை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தனியாகப் பேசுவோம். இஷ்டப்பட்டுத்தான் கொடுக்கிறீர்களா என்று நேராகக் கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். வேறு என்ன சொல்வார்கள்? அதனால் நாங்கள் ஒரு கேள்வி வைத்திருக்கிறோம். நாளைக்கே ஏதோ ஒரு காரணத்தால் இந்த ஆபரேஷன் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? இதுதான் கேள்வி. கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். பேனாவைத் தொடக் கூடாது. பதில் முக்கியமில்லை. பதில் வருவதற்கு முன்னால் முகத்தில் ஒன்று வந்து போகும். அதைப் பார்க்கத்தான் பயிற்சி. ஹெப்சிபா மேடம் அந்தக் கேள்வியை இங்கிலீஷில் வைத்திருந்தார். அவர்தான் என் பயிற்சிக்குப் பொறுப்பு. தமிழில் அதை ஆக்கிக் கொடுத்தவள் நான்.

முகம் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது? வெளியே வீட்டு ஆட்கள் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பெண்ணுக்கு மனசில்லை என்று சொன்னால் அவள் எந்த வீட்டுக்குப் போவாள்? அதனால் எங்கள் பிரிவிலிருந்து ஒரே ஒரு வரி சொல்வார்கள். மருத்துவக் காரணங்களால் இவரிடமிருந்து எடுக்க முடியாது. அவ்வளவுதான். என்ன காரணம் என்று யார் கேட்டாலும் அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. காரணம் சொன்னால் அதைச் சரிபண்ணித் தருகிறேன் என்று ஒருவர் வந்து நிற்பார் என்று மேடம் சொல்வார்.

பொய்யா? பொய்யில்லை அக்கா. மனசும் உடம்புக்குள்தானே இருக்கிறது.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மாரிக்கனி என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் சொல்லக் கூடாது. புருஷனுக்குக் கொடுக்க வந்தவள். வாயைத் திறந்தால் அவருக்காக உயிரையே கொடுப்பேன் என்றாள். நான் கேள்வியைக் கேட்டேன். ஆபரேஷன் இல்லை என்று சொல்லிவிட்டால்? அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்படிச் சொல்வாங்களா மேடம்?" என்றாள். வேறு என்ன வேண்டும்? நான் போய் ஹெப்சிபா மேடத்திடம் சொன்னேன். அந்த ஒரு வரியைச் சொல்லி அனுப்பினார்கள். மாமியார்க்காரி வராந்தாவில் நின்று, "கெட்டிக்கிட்டு வரையில நல்லாத்தான இருந்தா? எந்த எடத்துல ஓட்டைன்னு சொல்லுங்க, ஓட்டையத் தள்ளிவிட்டுட்டாங்களே எங்க தலையில" என்று சத்தம் போட்டாள். மாரிக்கனி தூக்கை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இப்போதும் வாரா வாரம் புருஷனை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறாள். என்னைப் பார்த்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவளைக் காப்பாற்றியது நான். ஒரு சிரிப்பு சிரிக்கக் கூடாதா? மேடத்திடம் கேட்டேன். "உன்னைப் பார்த்தா அவளுக்குத் தன் முகம் தெரியுது உலகம்மா" என்றார். மேடம் சில நேரம் இப்படிப் புரியாமல் பேசுவார்.

நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள். இருங்கள், இதை முடித்துவிடுகிறேன்.

என் அண்ணன் காசிராஜனுக்குக் கிட்னி போய்விட்டது. தென்காசியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தான். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். நான் இருக்கிறேன் என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தான். டயாலிசிஸ் ஊசி குத்தக் கையில் ரத்தக்குழாயை இணைத்து வைப்பார்கள். இடது கையில் வைத்தது அடைத்துக்கொண்டது. வலது கையில் வைத்தது வீங்கிக் கெட்டுப்போனது. இப்போது கழுத்தில் குழாய். அதிலும் சீழ் பிடிக்கிறது. இனிக் குத்த இடமில்லை, சீக்கிரம் மாற்றுக் கிட்னி பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரசாங்கப் பட்டியலில் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் மேலே வருவதற்குள் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். அவன் ஆறடி உயரம் அக்கா. போன வாரம் தூக்கிக் கட்டிலில் போட்டபோது மதினி ஒருத்தியே தூக்கிவிட்டாள்.

அம்மாவுக்குச் சர்க்கரை. மதினிக்கு ரத்த வகை சேரவில்லை. வீட்டில் யார் கொடுப்பீர்கள் என்று டாக்டர் கேட்டார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். வகுப்பில் பெயர் வாசித்தால் எழுந்து நிற்போமே, அந்த மாதிரி. கொடுக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அது வேறு விஷயம்.

எல்லாப் பரிசோதனையும் முடிந்தது. கடைசியில் டோனர் அறை. என் அறைதான். என் நாற்காலியில் மேடம், டோனர் நாற்காலியில் நான். அந்த நாற்காலி இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சொந்த மாணவியைத் தான் பார்ப்பது சரியில்லை, வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைக்கிறேன் என்றார். நான்தான் நேரமில்லை மேடம், நீங்களே பாருங்கள் என்றேன்.

நன்றாகப் பேசினேன். எனக்கும் அண்ணனுக்கும் எப்படி என்று கேட்டார். உயிர் என்றேன். செல்வின் விஷயத்தைக்கூட நானாகத்தான் சொன்னேன். எம்.ஏ. படிக்கும்போது செல்வின் என்று ஒருவர். வேறு சாதி, வேறு மதம். பதிவுத் திருமணத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். அண்ணன் கார் எடுத்துக்கொண்டு விடுதிக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான். அடிக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. வழியெல்லாம் அந்த வருஷத்து மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். அதன் பிறகு ஒரு வருஷம் வீட்டை விட்டு வெளியே அனுப்பவில்லை. போன் கிடையாது. அந்த வருஷத்தில்தான் நான் உட்கார்ந்து முனைவர் படிப்புக்கான தகுதித் தேர்வுக்குப் படித்தேன். பாஸ் பண்ணினேன். அவன் அப்படிச் செய்யாவிட்டால் இன்றைக்கு இந்தப் படிப்பு ஏது? இதை மேடத்திடம் வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் எழுதிய கேள்வி. நான் போட்ட சொற்கள், நான் விட்ட இடைவெளி. நாளைக்கே ஏதோ ஒரு காரணத்தால். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்கும் வரும். தான் சமைத்ததைத் தனக்கே பரிமாறினால் எப்படி இருக்கும்? சிரித்துவிட்டு உடனே, ரொம்பக் கஷ்டமாக இருக்கும் மேடம் என்று சொன்னேன். சொல்லும்போது கண்ணில் தண்ணீர்கூட வந்தது. மேடம் குனிந்து பேனாவை எடுத்தார். கேள்வி கேட்ட உடனே பேனாவைத் தொடக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அந்தத் தப்பை அவரே செய்தார்.

அதற்கடுத்த நாள் அண்ணனையும் அம்மாவையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். மருத்துவக் காரணங்களால் இவரிடமிருந்து எடுக்க முடியாது.

இல்லை அக்கா. அப்படி இல்லை. எனக்குத் தெரியாதா? நூறு பேருக்கு அந்த வரியைச் சொல்ல வைத்தவள் நான். நிஜமாகவே மருத்துவக் காரணம் இருந்தாலும் அதே வரியைத்தான் சொல்வார்கள். சில பேருக்கு ஸ்கேனில் ஏதாவது தெரியும். எனக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. மேடத்திடம் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. எதிரே வந்தபோது, "லீவு போட்டுட்டு கொஞ்ச நாள் தூங்கு" என்றார். கேட்க இடம் கொடுக்கவில்லை. ஸ்கேன் படம் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. என் கடவுச்சொல்லைப் போட்டால் திறக்கும். ஆனால் தன் கோப்பைத் தானே திறந்து பார்ப்பது எங்கள் தொழிலில் நெறியில்லை. இந்த விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு.

இதில் எனக்கு மேடத்தின் மேல் ஒரு வருத்தம். லீவு முடிந்து போனதும், இனி டோனர் அறை வேண்டாம், இருதயப் பிரிவுக்குப் போ என்றார். மாரிக்கனியின் முகத்தைப் படித்தவளை மாரடைப்பு வந்தவர்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க அனுப்பிவிட்டார். ஏன் என்றேன். "இப்ப உனக்கு அந்த நாற்காலி சரிப்படாது" என்றார். பயிற்சி முடியப் போகிறது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு வேலை. அதனால் சரி என்று போய்விட்டேன். பொறாமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியைத் தமிழில் ஆக்கியது நான்தான் என்று வெளியூர்க் கூட்டத்தில் எல்லாரும் என்னைப் பாராட்டியதை அவர் ரசிக்கவில்லை.

அந்த லீவில் வீட்டில் இருந்தபோது என்னை விடவில்லை அக்கா. என்ன காரணம், என்ன காரணம் என்று அம்மா சோறு போடும்போதெல்லாம் கேட்டாள். "ஒன்ன நான் குறையில்லாமத்தான பெத்தேன்" என்றாள். மதினி கேட்கவில்லை. என் தட்டைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், போவாள். அண்ணன் கழுத்துக் குழாயோடு அடுத்த அறையில் படுத்திருக்கிறான். ஏதாவது சொல்ல வேண்டுமா இல்லையா? என் கிட்னிக்கு ஒரு ரத்தக்குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருக்கிறது, அதை இன்னொருவர் உடம்பில் இணைக்க முடியாது என்று சொன்னேன். மேடம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் இருக்கும். நிறையப் பேருக்கு அப்படி இருக்கிறது, நானே கேள்விப்பட்டிருக்கிறேன். அம்மா அழுதாள். அன்றைக்கு மதினி எனக்கு மோர் ஊற்றினாள். வீட்டில் எல்லாருக்கும் கொஞ்சம் மூச்சு வந்த மாதிரி இருந்தது.

அண்ணன் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டான். படுத்த இடத்திலிருந்து ஒவ்வொரு ஊர் ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டிருக்கிறான். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் சிரித்தாராம். இரண்டு குழாயெல்லாம் இப்போது ஒரு விஷயமே இல்லை, நாங்கள் வாரத்துக்கு ஒன்று செய்கிறோம், உங்கள் தங்கையைக் கூட்டி வாருங்கள், எல்லாவற்றையும் புதிதாகப் பார்த்துவிடலாம் என்று சொன்னாராம். வேன் வைத்து அவனை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டார்கள். சற்று முன்னால் அம்மா கத்தியது அதைத்தான். "ஏட்டி, ரெண்டையும் சேத்துத் தச்சிருவாங்களாம்லா! டாக்டரு ஒன்னய டாக்டருன்னுதான் சொல்லுதாரு, சீக்கிரம் வாட்டி." சந்தோஷத்தில் கத்துகிறாள். போன வருஷம் பூராவும் அவள் குரல் இப்படி வந்ததில்லை.

எனக்கும் சந்தோஷம்தான். ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? சந்தோஷம்தான்.

தாராபுரம் வந்துவிட்டது. இறங்கி டீ குடியுங்கள். கால் நீட்டினால் உங்கள் மூட்டுக்கும் நல்லது. எனக்கு வேண்டாம்.

வந்துவிட்டீர்களா? டீ எப்படி, குடிக்கிற மாதிரி இருந்ததா? வியர்வை ஒன்றுமில்லை, வெயில். நீங்கள் அந்தப் பக்கம் போனதும் நானும் இறங்கினேன். சும்மா காற்றுக்கு. பையோடு இறங்கினேன் என்றால், பையை வண்டியில் விட்டுவிட்டுப் போக முடியுமா? எதிர்ப்பக்கம் மதுரை வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் நிழலில் நின்றேன்.

அப்போது அண்ணன் கூப்பிட்டான். அவனே கூப்பிட்டான். அவனால் பேச முடியாது, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுக்கும். பக்கத்தில் யாரும் இல்லை, அம்மை சாப்பாடு வாங்கப் போயிருக்கிறாள் என்றான். பிறகு சொன்னான். "உலகு, ஒனக்கு இஷ்டமில்லன்னா சொல்லிரு. இப்பயே சொல்லிரு. அம்மையிட்ட நான் வேற என்னமாது சொல்லிக்கிடுதேன். எனக்குத்தான் ஆபரேஷன் தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாருன்னு சொல்லிருதேன்."

இதை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அவன் பத்தாம் வகுப்பு பெயில்.

இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் இஷ்டமா என்று கேட்டது இதுதான் முதல் தடவை. மதுரை வண்டி டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியை உறும விட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கிறுக்கு மாதிரிப் பேசாதண்ணே. பாதித் தூரம் வந்துட்டேன். குழாய் ரெண்டா இருந்தா என்ன, அதான் தச்சிருவாங்கள்லா" என்று சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அவன் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான் அக்கா. நல்ல வேளை, போனில் முகம் தெரியாது.

பிறகு, "சரி புள்ள, பாத்து வா" என்றான். இருமினான். வைத்துவிட்டான்.

மதுரை வண்டி போய்விட்டது. நம் கண்டக்டர் விசில் ஊதுகிறார். ஒரு உதவி செய்யுங்கள். நீங்கள் ஜன்னல் பக்கம் போக வேண்டாம். நான் போகிறேன். நீங்கள் இந்தப் பக்கம், வழியை அடைத்த மாதிரி உட்காருங்கள். காலை மடக்க வேண்டாம், நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். வழியில் நான் எழுந்து, வயிற்றைப் புரட்டுகிறது, இறங்க வேண்டும், விடுங்கள் என்று சொன்னாலும் சொல்வேன். எனக்குப் பஸ்ஸில் அப்படி வரும். விடாதீர்கள். கோபப்பட்டாலும் விடாதீர்கள்.

பல்லடத்தில் நீங்கள் இறங்கத்தான் வேண்டும், தெரியும். இறங்கும்போது உங்கள் இடத்தில் யாரையாவது உட்கார வைத்துவிட்டு இறங்குங்கள் அக்கா. கொஞ்சம் கனத்த ஆளாகப் பார்த்து.